துருக்கித் தொப்பிச் சேவல்

எனக்குத் தைக்க வராது. வெட்ட மட்டும் நன்றாக வரும். கத்திரிக்கோல் கையில் கிடைத்துவிட்டால் (அம்மா அதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பாள்) வீட்டில் எந்தத் துணிக்கும் உத்தரவாதம் கிடையாது. அந்தக் கையால் என் கல்யாணத்தையே வெட்டிப் போடப் பார்த்தேன்.

அது யுத்த காலம். பூந்தமல்லிக் கடைத்தெருவுக்கு ஜப்பான் பொம்மைகள் வருவது நின்றுபோயிருந்தது. அக்கா பிள்ளைகள் மூன்றும் கரண்டியும் உழக்கும் வைத்து விளையாடி வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தன. ஆவடிப் பட்டாளத்து முகாமில் குமாஸ்தாவாக இருந்தவரின் வீட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "இதுங்கள எப்டியாவது கம்முனு ஒக்கார வெய்டி. ஏற்கெனவே ரெண்டு எடம் ஒன் வாயால போச்சு. இதுவும் போனா நான் கெணத்துல உளுந்துடுவேன்."

எனக்கும் அந்த இடம் கைநழுவக் கூடாது. ஒருநாள் தெருவோடு போன மாப்பிள்ளையைக் கதவிடுக்கில் பார்த்திருந்தேன். ரொம்பப் பிடித்திருந்தது. (மீசையைத் தவிர.)

அத்தாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பழைய துருக்கித் தொப்பி ஒன்று மூலையில் கிடந்தது. கம்பளி ரோமத்தை அமுக்கிச் செய்த கெட்டியான சிவப்புத் துணி. வெட்டினால் நூல் பிரியாது, ஓரம் மடிக்க வேண்டாம். ஆஹா, எனக்கென்றே செய்தது! எண்ணெய்ப் பிசுக்குப் போக வெந்நீரில் ஊறப்போட்டேன். தண்ணீர் செக்கச்செவேலென்று ஆனது. சாயமெல்லாம் இறங்கிவிட்டது, இனி இறங்க ஒன்றுமில்லை என்று முடிவு கட்டினேன். (அப்போது எனக்கிருந்த மூளை அவ்வளவுதான்.) காயவைத்து வெட்டி, உள்ளே இலவம்பஞ்சு அடைத்து, கோணல்மாணலாகத் தைத்து, சட்டைப் பித்தானைக் கண்ணாக வைத்து மூன்று கோழியும் ஒரு சேவலும் செய்தேன். தொப்பியின் கறுப்புக் குஞ்சம்தான் சேவலுக்கு வால். கோழிகளை அக்கா பிள்ளைகள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டன.

மாப்பிள்ளையின் அம்மாவும் அக்காவும் வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு ஜட்காவில் வந்து இறங்கினார்கள். அக்காவின் இடுப்பில் பல் முளைக்கிற வயதில் ஒரு பையன், வந்ததிலிருந்து ஒரே அழுகை. சேவலைக் கொடுத்தனுப்பினேன். வாய் மூடினான்.

"பொண்ணு செஞ்சதா? பரவால்லியே!" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. நான் அடக்கமாகத் தலை குனிந்தேன். உள்ளுக்குள் நிக்காஹே முடிந்துவிட்டது.

"ஐயோ, புள்ள ரத்தம் கக்குதே!"

மாப்பிள்ளையின் அக்காதான் அலறினார். பையனின் வாய், மோவாய், சட்டை எல்லாம் சிவப்பு. அவன் பாட்டி துப்பட்டியால் துடைக்க, அதுவும் சிவந்தது. சத்தம் கேட்டு எங்கள் வீட்டு மூன்றும் ஓடி வந்தன. மூன்றின் வாயும் சிவப்பு.

"இன்னா வியாதியோ கீது இந்த ஊட்ல! கெளம்பும்மா!" என்று மாப்பிள்ளையின் அக்கா எழுந்தார். அம்மா கிணற்றடிப் பக்கம் பார்த்தாள். பெண் பேசக் கூடாது என்பதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

"ரத்தம் இல்லீங்க மாமி! எங்க அத்தா தொப்பி!"

"தொப்பியத் துன்னுட்டானா?" என்று மாப்பிள்ளையின் அம்மா இன்னும் பயந்தார்.

எப்படிச் சொன்னாலும் விளங்காது என்று தெரிந்துவிட்டது. சேவலைப் பிடுங்கி என் வாயில் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு சப்பினேன். (நனைந்த ஆட்டுக்கடாவின் வாடை.) பிறகு வருங்கால மாமியாருக்கு முன்னால் நாக்கை முழுசாக நீட்டிக் காட்டினேன்.

வாசலில் ஜட்காக் குதிரை கனைத்தது.

மாமி என் நாக்கைப் பார்த்தார். பேரன் வாயைப் பார்த்தார். துப்பட்டியைப் பார்த்தார். உடம்பு குலுங்கச் சிரித்தார்.

"பொண்ணு வாய் செவந்தாச்சு, நம்ம புள்ள வாயும் செவந்தாச்சு. ரெண்டு ஊடும் வெத்தல போட்டாப்லதான். இனிமே இன்னா பேச்சு? தேதியப் பாருங்க!"

எங்கள் மூத்தவன் பிறந்தபோது யாரோ சாயம் பூசிய கிலுகிலுப்பை கொண்டுவந்தார்கள். மாமி அதைக் குழந்தையிடம் தரவில்லை, நேராக என்னிடம் நீட்டினார். அவர் மறைந்த பிறகு அந்தப் பொறுப்பை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். நேற்றுகூட, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வாங்கிவந்த புதுப் பொம்மையைப் பிரித்ததும் சொன்னார்:

"இரு, இரு. மொதல்ல இவ சப்பிப் பாக்கட்டும்."