எம்மா ரோதியோனவ்னாவுக்குப் பதினைந்து பூ

டிராலி பஸ்ஸில் உருளைக்கிழங்கு மூட்டையோடு ஏறிய ஆசாமி, ஊரில் உட்கார வேறு இடமே இல்லாததுபோல் வாதிமின் மடிமேல் சாய்ந்தார். மளுக்கென்று ஒரு சத்தம். வாதிமின் கையிலிருந்த பதினைந்து சிவப்புக் கார்னேஷன் பூக்களில் ஒன்றின் கழுத்து தொங்கிப்போயிற்று.

"மன்னிச்சுக்கப்பா. ஒண்ணுதானே போச்சு?" என்றார் மூட்டைக்காரர்.

ஒன்றுதானாம்! ஒன்று போனால் பதினான்கு. பதினான்கு இரட்டைப்படை. வாதிமின் ஊரான வோலக்டாவில் இரட்டைப்படையில் பூ வாங்குவது கல்லறைக்கு. உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படைதான் கொடுக்க வேண்டும். வாதிம் போய்க்கொண்டிருந்ததோ தலைமையாசிரியை எம்மா ரோதியோனவ்னாவின் அறுபதாவது பிறந்தநாள் விருந்துக்கு. காலியாகக் கிடக்கும் உதவித் தலைமையாசிரியர் பதவி யாருக்கு என்று அந்த அம்மாள் அறிவிக்கப் போவதும் அதே விருந்தில்தான். அந்த நாற்காலியை வாதிம் கனவில் பலமுறை துடைத்து வைத்திருக்கிறார்.

வாதிம் கணக்கு வாத்தியார். பூக்காரி கட்டிக் கொடுத்ததை அப்படியே வாங்கி வருகிற சாதாரண ரகமல்ல. ஒன்றிலிருந்து ஐந்து வரை கூட்டினால் பதினைந்து. வரிசையாக அடுக்கினால் அழகான முக்கோணம். அதோடு அறுபதில் சரியாகக் கால் பங்கு. இதையெல்லாம் கோத்து ஒரு வாழ்த்துரையே தயாரித்திருந்தார். பூக்காரியிடம் ஒத்திகை பார்த்தபோது அவள், "வழிய விடுங்க சார், பின்னாடி ஆள் நிக்குது" என்று ரசித்தாள்.

வாதிம் ஒடிந்த பூவை உருவிப் போட்டதும், எதிர் இருக்கைப் பெண்மணி உதடு அசையப் பூக்களை எண்ணினாள். கண்கள் கலங்கின.

"யாருங்க தவறிட்டாங்க?"

"யாரும் தவறலைங்க. பிறந்தநாளுக்குக் கொண்டுபோறேன்."

"பதினாலா? அவங்க மேல உங்களுக்கு அப்படி என்னங்க கோவம்?"

வாதிம் மறுபடி கணக்குப் போட்டார். இன்னும் ஒன்றை எடுத்தால் பதின்மூன்று. கணிதப்படி குற்றமில்லாத பகா எண். ஆனால் எம்மா ரோதியோனவ்னாவின் பள்ளியில் பதின்மூன்றாம் வகுப்பறையே கிடையாது. பன்னிரண்டுக்குப் பிறகு பன்னிரண்டு ஏ, அதற்கப்புறம் நேராகப் பதினான்கு. எனவே வாதிம் மூன்று பூக்களை உருவி அந்தப் பெண்மணியிடம் நீட்டினார். மூன்று ஒற்றைப்படை, அவளுக்கும் பழுதில்லை.

"எனக்கா?" பெண்மணியின் கன்னம் சிவந்தது. "வீட்டுல தனியாத்தான் இருக்கீங்களா?"

வாதிம் அடுத்த நிறுத்தத்திலேயே குதித்து இறங்கி, மீதி தூரத்தைப் பனியில் நடந்தார். கையில் பதினொன்று. இதுவும் பகா எண். முக்கோணம் போனால் போகிறது. 'பதினொன்றைப் போலவே எம்மா ரோதியோனவ்னாவையும் யாராலும் வகுத்துப் பங்குபோட முடியாது' என்று வாழ்த்துரையைத் திருத்திக்கொண்டார்.

பள்ளியில் கோட்டுகளை வாங்கி மாட்டி வைப்பவர் கிளாஷா அத்தை. பூக்களை அவருடைய வாளியில் நிறுத்திவிட்டு வாதிம் தலை வாரப் போனார். திரும்பி வந்து எண்ணினால் பத்து.

"அத்தை! இதுல ஒண்ணைக் காணோமே!"

"நான்தான் எடுத்தேன்" என்றார் அத்தை, சுவரைக் காட்டி. போன மாதம் காலமான பூகோள வாத்தியாரின் படம் அங்கே கறுப்பு நாடாவோடு தொங்கியது. "எவனோ ஒத்தப் பூவை வெச்சுட்டுப் போயிருக்கான். செத்த மனுஷன் பிறந்தநாள் கொண்டாடுற மாதிரி உக்காந்திருந்தாரு. பாக்கச் சகிக்கல. ஜோடி சேத்துட்டேன்."

"அதை எனக்குத் திருப்பிக் குடுங்க!"

"என்கிட்ட ஏன் கேக்குறீங்க? அவருகிட்ட கேளுங்க."

வாதிம் படத்தைப் பார்த்தார். பூகோள வாத்தியார் உயிரோடு இருந்தபோதே சாக்பீஸ் கடன் கொடுக்காதவர். சரி, நாமே இன்னொன்றை எடுத்துவிடலாம் என்று கையை நீட்டிய நேரத்தில் மாடியிலிருந்து இலக்கிய ஆசிரியை இனெஸ்ஸாவின் குரல் இடியாக இறங்கியது.

"வாதிம் அர்காதிச்! ஓடியாங்க! ஷாம்பெயின் மூடி வரமாட்டேங்குது. இந்த ஸ்கூல்ல ஆம்பளைன்னு சொல்லிக்க மிச்சம் இருக்குறது நீங்க ஒருத்தர்தான். அதுவும் சொல்லிக்க மட்டுந்தான்!"

பத்துப் பூக்களையும் ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு ஓடினார். மூடியோடு நெடுநேரம் மல்லுக்கட்டினார். கடைசியில் அது கூரையைத் தாக்கியது. பாதி ஷாம்பெயின் அவர் சட்டையைக் குடித்ததா, சட்டை அதைக் குடித்ததா என்று சொல்வது கடினம்.

"நல்லாத் திறந்தீங்க" என்றார் இனெஸ்ஸா. "மீதியைக் கோப்பையில பிழிஞ்சு குடுத்துருங்க. சீக்கிரம், அம்மா வந்தாச்சு!"

வாதிம் கீழே பாய்ந்தார். கொத்திலிருந்து ஒரு பூவை உருவிக் கால்சட்டைப் பைக்குள் திணித்தார். மறுபடி எண்ணிப் பார்க்கவில்லை. பத்தில் ஒன்று போனால் ஒன்பது. இதற்குக்கூட விரல் விட்டு எண்ணுகிறவன் சரித்திர வாத்தியாராக வேண்டுமானால் இருக்கலாம்.

ஒன்பது! வாதிமுக்கு மாடிப்படியிலேயே மூன்றாவது வாழ்த்துரை ஊற்றெடுத்தது. உண்மையிலேயே அருமையான உரை.

"ஒன்பது!" என்று ஆசிரியர்கள் எல்லோருக்கும் நடுவில் கொத்தை உயர்த்தி முழங்கினார். "மும்மூன்று ஒன்பது. முழுமையான சதுரம்! எந்த எண்ணால பெருக்கினாலும், விடையில இருக்குற இலக்கங்களைக் கூட்டிக்கிட்டே வந்தா, கடைசியில ஒன்பதே வரும். எம்மா ரோதியோனவ்னாவும் அப்படித்தான். எவ்வளவு தொல்லை வந்தாலும் குணம் மாறாதவங்க!"

யாரும் கை தட்டவில்லை. அறை முழுவதும் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. இலக்கியம், சரித்திரம், உடற்பயிற்சி என்று எல்லாத் துறைகளும் அன்று கணக்குப் போட்டன.

"எட்டு" என்றார் இனெஸ்ஸா, விடையை முதலில் சொன்ன மாணவியின் பெருமையோடு.

வாதிம் எண்ணினார். எட்டு. இன்னொரு முறை எண்ணினார். கணிதம் அவருக்காக மனம் மாறவில்லை.

எம்மா ரோதியோனவ்னா பூக்களைப் பார்க்கவே இல்லை, வாதிமைத்தான் பார்த்தார்.

"தெரியாமப் பண்ணிட்டீங்கன்னு நினைச்சேன், வாதிம் அர்காதிச்" என்றார் மெல்லிய குரலில். "வேணும்னே பண்ணியிருக்கீங்க. என்னை அனுப்பி வைக்க அவ்வளவு அவசரமா?"

"இல்லைங்கம்மா, பத்துல ஒண்ணு..."

"பதவி விஷயத்தை இன்னைக்குப் பேச வேணாம்." அவர் கொத்தை இனெஸ்ஸாவிடம் தள்ளினார். "கேக்கை வெட்டுங்க."

கேக்கை வெட்டினார்கள். வாதிமின் பக்கம் ஒரு துண்டுகூட வரவில்லை. இத்தனை வருட உழைப்பும் ஒரு பூவில் போயிற்று. யாரிடமும் சொல்லாமல் கீழே இறங்கி வந்து, பையிலிருந்து கசங்கிய கார்னேஷனை எடுத்து கிளாஷா அத்தையின் மேசைமேல் போட்டார்.

"நான் எடுத்தது இந்த ஒண்ணுதான். ஜன்னல்ல இருந்த இன்னொண்ணை எடுத்த படுபாவி யாரு? என் குடியைக் கெடுத்தது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும், அத்தை!"

கிளாஷா அத்தை அவருடைய கோட்டை எடுத்து நீட்டினார்.

"எம்மா அம்மாதான் எடுத்தாங்க. 'நாளைக்கு உதவித் தலைமையாசிரியரா என் பக்கத்துல உக்காரப்போற மனுஷன், பாவம், எல்லார் முன்னாடியும் பத்துப் பூவைக் குடுத்துத் தலைகுனியக் கூடாது. நான் எடுத்தேன்னு அவருகிட்ட மூச்சு விட்டுடாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."