மீசை வைத்த ரதி

நானுஓயா
மாசி, 1957

அன்பு மாப்பிள்ளை சோலைமலை அவர்களுக்கு மாமனார் நாகரத்தினம் மனமார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அதிலும் நான் மிகவும் அமைதியாகச் சுகம்.

"ஒங்கப்பாவோட பதட்டம் அடங்குனாத்தான் பிரசவத்துக்கு அனுப்புவேன்" என்று தனலெட்சுமியிடம் சொன்னீர்களாமே. நியாயம்தான். ஆனால் தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீடு வராவிட்டால் லயத்து வரிசை வீடுகளில் சனம் என்ன பேசும்? சனத்தை விடுங்கள், அவளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து எனக்கு இந்த வீடு வீடாகவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததில் நீங்கள் பார்த்தது பாதிதான். நான் பாட்டுக்குக் முட்டைக்கோவாத் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் உங்கள் தோட்டத்தில் தப்புச் சத்தம் கேட்டது, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தப்படிக்க மாட்டார்கள், அடியும் சாவுக்கு அடிக்கிற அடி, ஒரு செருப்பை ஆற்றோடு விட்டுவிட்டுத் தேயிலைக்குள் விழுந்தடித்து ஓடிவந்தால், உங்கள் லயத்து வாசலில் ஒரு பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "என் ராசாவே, என்னயத் தனியா விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று மாரடித்து அழுகிறாள். போனது நீங்கள், அழுவது என் மகள் என்று முடிவுகட்டிவிட்டேன். வயிறு இல்லையே என்றுகூடப் பார்க்கத் தோன்றவில்லை. "அழுவாத தாயி, அப்பா இருக்கேன்" என்று கட்டிப்பிடித்துக் கதறினேன். கன்னத்தில் மீசை குத்தியது.

காமன் எரிந்துபோக ரதி அழுகிற காமன் கூத்தை மாசியில் ஆடுவது எனக்குத் தெரியாதா? ஒரு காலத்தில் நானே காமனாக ஆடியவன். ரதி வேஷம் உங்களுக்கு என்றுதான் யாரும் சொல்லவில்லை. ஒத்திகைக்கும் மீசையை எடுத்துவிட்டு வந்திருக்கலாம். எப்படியோ, மருமகனுக்காக மருமகன் தோளிலேயே அழுத மாமனார் இந்த மலையில் நான் ஒருவன்தான். அந்த அழுகை உண்மையானது, மாப்பிள்ளை.

மறுநாளே தோட்டத்து மருந்துக்கார ஐயாவைப் பார்த்தேன். "படபடப்பு வந்தா கண்ண மூடிக்கிட்டு மூச்ச மெதுவா இழுத்து விடுங்க" என்றார். தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போதே படபடப்பு வந்துவிட்டது. தராசைப் பிடித்தபடி கண்ணை மூடி மூச்சை இழுத்தேன். விடுவதற்குள், கூடையோடு நின்ற ராசம்மா, "கணக்கப்புள்ள ஐயா போயிட்டாரு" என்று என்னைக் காட்டி ஓலமிட, யாரோ ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தார்கள். கண்ணைத் திறந்தால் எதிரே தோட்டத்துத் துரை. நனைந்த கோட்டோடு சலாம் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இருந்தாலும் வைத்தியம் பலித்துவிட்டது. இப்போது எதற்கும் நான் அசைவதில்லை. உங்களுக்குத் தோதான நாளில் தனலெட்சுமியை அனுப்பிவையுங்கள், அவசரமே இல்லை. அதுவரை நான் ஆற்றைத் தாண்டமாட்டேன்.

நீங்கள் இருவரும், வரப்போகிற சின்னவரும் நோய்நொடியில்லாமல் இருக்க முருகன் துணை.

இப்படிக்கு,
அமைதியாக இருக்கும் மாமனார்
நாகரத்தினம்

பி.கு.: தபாலில் போட்டால் டவுனைச் சுற்றி வர நாளாகும், வழியில் தொலைந்தாலும் தொலையும் என்று மனசு அடித்துக்கொண்டதால், இதை நானே கொண்டுவந்துவிட்டேன். வெளியே நிற்கிறேன். அத்தையும் வந்திருக்கிறாள். தனலெட்சுமியை இப்போதே அனுப்பினால் கூட்டிப்போகிறோம். அனுப்பாவிட்டாலும் பாதகமில்லை, பாய் தலையணை எல்லாம் கொண்டுவந்திருக்கிறோம். பால்மாட்டை எங்கே கட்டுவது என்று மட்டும் சொல்லுங்கள்.