பானையிடம் போய்ச் சொல்லச் சொன்ன சார்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வருஷம் யோசித்துவிட்டேன். விஜயதசமிக்கு விஜயதசமி நோட்டை எடுப்பேன், நாலு வரி எழுதுவேன், கிழித்துப் போட்டுவிடுவேன். எழுதினால் என் வண்டவாளம் வெளியே வரும். எழுதாவிட்டால் ஒரு நல்ல மனிதர் மேல் ஊர் வைத்த பழி அப்படியே நிற்கும். காமாட்சி மேல் பாரத்தைப் போட்டு இந்த வருஷம் எழுதிவிடுகிறேன். பத்தாவது வரைக்கும் படித்தவன். குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் காஞ்சிபுரத்தில் சந்நிதிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு தண்ணீர்ப் பானைக்கு முன்னால் பட்டம் வாங்கியவர்களும் பாவு சுற்றியவர்களும் ஒரே வரிசையில் கைகட்டி நின்று, தங்கள் தப்பைத் தாங்களே சொல்லித் தெளிந்து திரும்பிய இடம் ஒன்றே ஒன்றுதான். அதை உண்டாக்கியவர் பானை சார். அவருடைய சொந்தப் பெயர் ரசீதுப் புத்தகத்தில் இருந்திருக்கும். அதைப் பார்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

இரண்டாயிரத்தை ஒட்டிய காலம். பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டு நெசவாளர் சங்கத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை. எந்தத் தறிக்கு எந்தப் பாவு, அதாவது நெடுக்கு நூல், போயிருக்கிறது, உடல் என்ன நிறம், கரை என்ன நிறம், சேலை எப்போது இறங்கும் என்று பெரிய நோட்டில் எழுதிவைப்பது. ஒரு நாள் தலைவர் கூப்பிட்டார்.

"ஆபீசுக்கு கம்ப்யூட்டர் வருதுபா. இந்த நோட்டுல கீறதெல்லாம் அதுல தெரியணும். விஜயதசமி அன்னைக்கு கமிட்டி உக்காரும், நீ போட்டுக் காட்டு."

"எனக்கு அது தெரியாதுங்களே."

"தெரியலன்னா மெட்ராஸ் கம்பெனிக்காரன் ஆளும் குடுத்து புரோகிராமும் குடுக்கிறேன்றான். அவன் வந்துட்டா நீ எதுக்குபா இங்க?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார். அதனால்தான் சொன்னதைச் செய்துவிடுவார் என்று பட்டது. வீட்டில் இரண்டு பிள்ளைகள், தறியை விற்று ஆறு வருஷம். விஜயதசமிக்கு நாலு மாதம் இருந்தது.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தேன். ஆறு பெட்டி, ஒரு மின்விசிறி, மூலையில் முக்காலி மேல் மண்பானை. பானையை வாலாஜாபாத்திலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவர் அங்கே சொல்லிக்கொடுக்கிற சார். ஒல்லியான மனிதர். எந்நேரமும் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டுதான் நிற்பார். குளிரா என்று கேட்டேன்.

"இல்லண்ணா. வெளிய இருந்தா உங்க கீபோர்டுக்குப் போயிடும். நான் அடிச்சா எனக்குத்தான் வரும், உங்களுக்கு வராது."

கடைசி வரைக்கும் அவர் எங்கள் யாருடைய கீபோர்டையும் தொடவில்லை. ஒரு தடவை பெட்டியிலிருந்து புகை வந்தபோதுகூட, "அண்ணா, சுவிட்ச நீங்களே அணைச்சுடுங்க" என்றார்.

புரோகிராமில் சிக்கல் என்று போனால் பதில் சொல்லமாட்டார். பானையைக் காட்டுவார். "அதுங்கிட்ட முதல் வரியில இருந்து சொல்லுங்க. ஒவ்வொரு வரியும் இன்னா பண்ணுதுன்னு சொல்லணும். சொல்லி முடிச்சும் விளங்கலன்னா எங்கிட்ட வாங்க."

விளங்காமல் அவரிடம் திரும்பி வந்தவர்கள் ரொம்பக் குறைவு. பாதி சொல்லும்போதே, "அடச்சே" என்று தலையில் தட்டிக்கொண்டு தன் பெட்டிக்கு ஓடுவார்கள். ஒரு நாள் சென்டர் முதலாளி மாடியேறி வந்தார். பானைக்கு முன் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள், முதல் ஆள் கைகட்டி என்னவோ முணுமுணுக்கிறான். முதலாளி செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்து, "இன்னா சாமிபா இது?" என்று மெதுவாகக் கேட்டார்.

வெளியிலும் சார் புரோகிராம் மாதிரிதான் பேசுவார். கீழே டீக்கடையில், "டீ குடுங்க. சர்க்கரை இருந்தா அரை ஸ்பூன். இல்லன்னா வெல்லம். வெல்லமும் இல்லன்னா டீயே வாணாம், பன்னு குடுங்க" என்பார். டீ மாஸ்டர், "சார், நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள பால் பொங்கிப் போச்சு. அதுக்கு இன்னா பண்ணணும், அதையும் சொல்லு" என்றார். சார் நின்று யோசித்து, "அதை நான் எழுதாம விட்டது என் தப்புதான்" என்று பன்னை வாங்கிக்கொண்டு போனார்.

நான் அடித்த முதல் புரோகிராம் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. சார் அக்குளில் கையோடு குனிந்து பார்த்தார்.

"எதுக்குண்ணா உச்சியில ஒரு ரெண்டு?"

"ரெண்டு இல்ல சார், பிள்ளையார் சுழி. இந்தக் கீபோர்டுல உ இல்ல. அதான் அது சாயல்ல இருக்குறதைப் போட்டேன்."

அவர் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவர். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அதை எடுக்க வாணாம். முன்னாடி ஒரு ஒத்தை மேற்கோள் குறி போடுங்க. அதுக்கப்புறம் அந்த வரியில இருக்குறதை மிஷின் படிக்காது. படிக்க வேண்டியவரு படிச்சுக்குவாரு."

போட்டேன். அந்த வரி மட்டும் பச்சையாக மாறியது. எனக்கு அருகம்புல் சாத்திப் பார்த்தது போல் இருந்தது.

அடுத்து ஒரு பெரிய கண்டம். ஒரு பாவுக்கு மூன்று சேலை. இரண்டு தறியைக் கூட்டச் சொன்னால் ஆறு என்று காட்டவேண்டும். என் பெட்டி முப்பத்துமூன்று என்றது. இரண்டு தறியில் முப்பத்துமூன்று சேலை இறங்கினால் பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்கு வீடு மாடி எழும்பியிருக்கும். மூன்று நாள் பானையிடம் போய்வந்தேன். நாலாம் நாள், "பானையே, இந்தக் கட்டத்துல மூணுன்னு எழுதியிருக்கு" என்று சொல்லும்போதே நாக்கு நின்றது. எழுதியிருக்கிறது. எழுத்து. கட்டத்துக்குள் இருப்பதை மிஷின் எண்ணாக நினைக்கவில்லை, எழுத்தாக நினைத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டது. எண்ணாக மாற்றச் சொல்லி ஒரு வார்த்தை சேர்த்தேன். ஆறு வந்தது. அன்றைக்குப் பானையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சார் பார்க்காத மாதிரி இருந்தார்.

ஆயுத பூஜைக்கு முன் தினம் புரோகிராம் முடிந்தது. ஒரு ஃபிளாப்பியில், சட்டைப்பையில் அடங்குகிற அந்தக் காலத்துத் தட்டில், ஏற்றிக்கொண்டேன்.

"பூஜைக்கு எல்லா மிஷினையும் சுத்தமா அழிச்சுத் திரும்பப் போடப்போறோம்ணா. இன்னொரு காப்பி வெச்சுக்கோங்க" என்றார் சார்.

"சாமிகிட்ட வெச்சுடப்போறேன் சார். அதைவிடப் பத்திரம் ஏது?"

மறுநாள் பூஜையில் எங்கள் பழைய தறியின் நாடாக்கட்டை, அரிவாள்மனை, சைக்கிள் சாவி இவற்றோடு ஃபிளாப்பியையும் வைத்தேன். எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. இதற்கும் வைக்கவேண்டுமே. நெற்றி எது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பளபளவென்று ஒரு தகடு. வைத்தேன். தகடு கொஞ்சம் நகர்ந்தது. உள்ளே கறுப்பாக ஒரு வட்டம். தெய்வம் குடியிருக்கிற இடம் அதுதான் என்று பட்டது. அங்கேயும் குழைத்து ஒரு பொட்டு.

என் மனைவி மட்டும் கேட்டாள். "என்னாங்க, அதுக்கு இவ்ளோ சந்தனம் தேவையா?"

"வேலையே அதுலதான்டி இருக்குது" என்றேன்.

விஜயதசமி. காலை பத்தரை மணி. சங்கத்து அறையில் தலைவர், கமிட்டி ஆட்கள் ஐந்து பேர், மாலை போட்ட புதுக் கம்ப்யூட்டர். சாரையும் கூப்பிட்டிருந்தேன். பெட்டிக்குள் ஃபிளாப்பியைச் செருகினேன். கறமுற என்று மாவு மிஷின் மாதிரி ஒரு சத்தம். படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. மறுபடி செருகினேன். அதே சத்தம்.

சார் அக்குளிலிருந்து ஒரு கையை எடுத்து ஃபிளாப்பியை வாங்கினார். தகட்டை நகர்த்திப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னாபா ஆச்சு?" என்றார் தலைவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் சார் ஃபிளாப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "எங்க சென்டர் மிஷின்ல கோளாறுங்க. ஏத்தும்போதே கெட்டுப்போயிருக்குது. அண்ணா மேல தப்பு இல்ல."

"இதுக்குத்தான் மெட்ராஸ் கம்பெனின்னு தலைபாடா அடிச்சுக்கினேன்" என்றார் கமிட்டியில் ஒருவர்.

"சாப்பாட்டு நேரம் வரைக்கும் குடுங்க. அண்ணா இங்கயே திரும்ப எழுதுவாரு."

நாலு மாதத்து வேலையை இரண்டு மணி நேரத்திலா? சார் பையிலிருந்து, புரோகிராம் எழுதுவதற்கு வேண்டிய சிடியை எடுத்து என்னிடம் நீட்டினார். அதையும் நானேதான் போட்டு ஏற்றினேன். மறுபடி இரண்டு கைகளும் அக்குளுக்குள் போயின. "பானைகிட்ட நூறு வாட்டி சொன்னீங்களே, அதையே அடிங்க" என்றார்.

முருகா என்று ஆரம்பித்தேன். சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போன வரிகள்தான். விரல் தானாகப் போனது. பன்னிரண்டரைக்குத் தறிப் பட்டியல் திரையில் வந்தது. பத்துத் தறிக்காரர் பெயர் கொடுத்திருந்தேன். ஒன்பதுதான் தெரிந்தது.

"என் மச்சான் எங்க?" என்றார் தலைவர். முதலாம் தறி அவர் மச்சானுடையது.

"மூணு வாரமா தறி மேடையிலயே காணோம். இதுல மட்டும் இருப்பாரா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாரைப் பார்த்தேன். அவர் அறையின் மூலைகளைப் பார்த்தார். பானை இல்லை. பிறகு தாடையால் தலைவரைக் காட்டினார்.

தலைவர் நல்ல கனத்த உடம்பு. எதிரே நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. எழுந்து, அவர் முன்னால் கைகட்டி நின்று, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன்.

"இந்த வரியில தறிக்காரர் பேரை வாங்கிக்கிறோம். இந்த வரியில பாவோட நிறத்தை வாங்கிக்கிறோம்."

"என்னை எதுக்குபா பாக்கிற? பொட்டியைப் பாத்து சொல்லு."

"கொஞ்சம் பேசாம இருங்க ஐயா" என்று சொல்லிவிட்டேன். அந்தச் சங்கத்தில் அவரிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள் நான். அவரும் ஏனோ பேசாமல் இருந்தார். கமிட்டி ஆட்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். "ஒரு பேர் எடுத்துக் காட்டறோம், அடுத்த பேருக்குப் போறோம், கடைசி வரைக்கும் இப்பிடியே. ஆரம்பிக்கிறது ஒண்ணுல இருந்து…" என்றேன். நின்றுவிட்டேன்.

மிஷின் தன் பட்டியலை ஒன்றிலிருந்து எண்ணாது. முதல் ஆளுக்கு அது வைக்கிற எண் சுழியம். நான் ஒன்று என்று ஆரம்பித்ததால் அது இரண்டாவது ஆளிடம் போய்விட்டது.

"தெரிஞ்சுடுச்சுங்க. உங்க மச்சான் ஒண்ணு இல்ல, ஜீரோ."

"வார்த்தையை அளந்து பேசுபா" என்றார் தலைவர்.

ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். பத்துப் பெயரும் வந்தது, மச்சான் தலைமாட்டில். மெட்ராஸ் கம்பெனி என்று அடித்துக்கொண்டவரே எழுந்து வந்து திரையைத் தொட்டுப் பார்த்தார். "கம்பெனிக்காரன் வந்து காமிச்சப்போ ஒரு எழவும் புரியல. இது இவன் சொல்லச் சொல்ல எனக்கே புரியுதே" என்றார். தலைவர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். "நீயே பாத்துக்கபா" என்றார். அவ்வளவுதான். என் வேலை அந்த இரண்டு வார்த்தையில் தங்கியது. ஓய்வு பெறும் வரைக்கும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தேன்.

ஆனால் சார் சொன்ன பொய் ஊரில் நிஜமாகிவிட்டது. பானை சார் மிஷினில் ஏற்றினால் ஃபிளாப்பி கெட்டுவிடும் என்று டீக்கடை வரைக்கும் பேச்சு. இரண்டு மூன்று பேர் சேராமல் திரும்பிப் போனார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. சந்தனம் பூசியவன் என்று தெரிந்தால் நாற்காலி போய்விடும் என்ற பயம். சார் ஓசூர்ப் பக்கம் வேலை கிடைத்துப் போகிற நாளில்தான் ரயிலடியில் துணிந்து சொன்னேன்.

"சார், அது சந்தனம்."

"தெரியும்ணா. நல்ல சந்தனம். அன்னைக்கு நாள் பூரா சட்டையெல்லாம் அந்த வாசனைதான்."

"ஏன் சார் அப்பிடி சொன்னீங்க?"

"நாலு மாசம் உங்க தப்பை எல்லாம் நீங்களே கண்டுபிடிச்சீங்க. அன்னைக்கு ஒண்ணை நான் வெச்சுக்கலாம்னு தோணுச்சு." ரயில் வந்துவிட்டது.

அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது. என் பிள்ளைகளுக்காக வேண்டும்போது அவருக்காகவும் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன். வேறு கோயிலுக்குப் போகிறவர்தான். அம்பாள் இதுவரைக்கும் ஆட்சேபிக்கவில்லை.

படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். சுவைக்காக எதையும் கூட்டவேண்டாம், என் மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்கவும் வேண்டாம். அவர் மிஷினில் ஒரு கோளாறும் இல்லை. இதை வாசிக்கிற யாராவது ஓசூர்ப் பக்கம் அவரைப் பார்த்தால், காஞ்சிபுரத்தில் இப்போது எல்லோருக்கும் உண்மை தெரியும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.