ஆளில்லாத ரயிலின் அதிகாரபூர்வ வரலாறு

உலக வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: எங்கள் கிளைப்பாதை போடப்படுவதற்கு முந்தையது, பிந்தையது. பதினெட்டு மைல், நான்கு நிலையங்கள், காலையில் போய் மாலையில் திரும்பும் மூன்று பெட்டி வண்டி ஒன்று. இதன் வரலாற்றை எழுதும் பெரும்பொறுப்பை நிர்வாகம் என்னிடம் ஒப்படைத்தது. பாதையை மூடும் யோசனை வந்துவிட்டதால் வரலாறு அவசரமாகத் தேவைப்பட்டது.

முதல் அத்தியாயம், பாதையை உருவாக்கியவர்கள். குன்றை வெட்டியவர்கள், கட்டை சுமந்தவர்கள், மண் சரிந்து செத்தவர்கள் யாருடைய பெயரும் கிடைக்கவில்லை. திறந்து வைத்த பதினோரு பேரின் பெயர்கள் கல்லில் இருந்தன. கல்லைப் பார்த்து எழுதுவதே வரலாற்று முறை. எழுதினேன்.

இரண்டாம் அத்தியாயம், ‘நவீனமயம்’. சீட்டு விற்கும் குமாஸ்தாக்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். அவர்கள் இடத்துக்கு ஆள் போடாமல், நான்கு நிலையங்களிலும் ஜன்னலுக்குப் பலகை அடித்தது நிர்வாகம். ஆறு ஆண்டுகள் கழித்து, இந்த ரயிலில் எத்தனை பேர் போகிறார்கள் என்று விஞ்ஞான முறையில் கணக்கெடுத்தது. விஞ்ஞான முறை என்றால், விற்ற சீட்டை எண்ணுவது. விற்றது பூஜ்யம். ஆகவே பயணிகளும் பூஜ்யம். அடித்தல் திருத்தம் இல்லாத இப்படியொரு அறிக்கையை நான் பார்த்ததே இல்லை.

அறிக்கைக்கு ஒரே இடைஞ்சல், மூன்றாம் நிலையத்தில் தினமும் காலை ஆறு பத்துக்கு ஏறும் நாற்பது பெண்கள். பதினோரு மைல் தள்ளியிருக்கும் குவாரியில், தண்டவாளத்துக்கு அடியில் கொட்டும் ஜல்லியை உடைப்பவர்கள். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. ரயில் நின்றால் வேலை போச்சு. அவர்களுடைய தலைவி, எல்லோருக்கும் ‘மேஸ்திரியக்கா’, நாற்பது பேரையும் கூட்டிக்கொண்டு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வந்துவிட்டாள்.

“இந்த ரயில்ல யாருமே போறதில்லையேம்மா” என்றார் துணை மேலாளர், அறிக்கையைத் தடவிக்கொடுத்தபடி.

“நாங்க நாப்பது பேரு தெனம் போறோமே சார்.”

“டிக்கெட்?”

“ஜன்னல்ல பலகை அடிச்சு வெச்சிருக்கீங்க. பலகைகிட்டயா கேக்குறது?”

“டிக்கெட் இல்லன்னா ரெண்டே வழிதாம்மா. ஒண்ணு, நீங்க போகவே இல்ல. இல்ல, போனீங்கன்னா அது குத்தம். எதை எழுதட்டும்? உங்க இஷ்டம்.”

மக்களின் விருப்பத்தை இவ்வளவு பணிவாகக் கேட்ட அதிகாரி வேறு எந்தத் துறையிலும் இருக்க முடியாது.

மேஸ்திரியக்காவின் நாத்தனார் பின்னாலிருந்து முந்தானையை இழுத்தாள். “அண்ணி, வம்பு வேணாம். போகலன்னே சொல்லிடு.”

“போகலன்னா ரயில நிறுத்திருவாங்கடி. பதினோரு மைலு உங்க அண்ணன் என்னைத் தூக்கிட்டுப் போவாரா?”

“அவரா? முக்குக் கடைக்குப் போறதுக்கே ரெண்டு எடத்துல உக்கார்றாரு.”

மேஸ்திரியக்கா திரும்பினாள். “குத்தம்னே எழுதுங்க சார். நாப்பது பேரு போனாங்கன்னு ஏதாச்சும் ஒரு காயிதத்துல ஏறட்டும்.”

எழுதப்பட்டது. கைரேகை வைக்கச் சொன்னார்கள். நாற்பது கட்டைவிரல்களும் வரிசையாக வந்து அழுந்தின. தாளில் வெறும் கறுப்புத் திட்டுகள்.

“என்னம்மா, ரேகையே விழலையே?”

“அது உங்க ஜல்லியில கெடக்கும் சார். தண்டவாளத்துக்கு அடியில தேடிப் பாருங்க.”

ரேகை இல்லாததால் ஆட்கள் உறுதியாகவில்லை. குற்றம் மட்டும் உறுதியாகியது. ஒரே வாரத்தில் உத்தரவு வந்தது: ‘தினசரி நாற்பது குற்றங்கள் நிகழும் இப்பாதை, பொதுநலன் கருதி நிரந்தரமாக மூடப்படுகிறது.’ குற்றத்தை ஒழிக்க ரயிலையே ஒழித்த துணிச்சலுக்காக ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கினேன்.

பிரியாவிடைப் பயணம் கோலாகலமாக நடந்தது. பெட்டிகளுக்குப் புதுச் சாயம், முன்னால் பேண்டு வாத்தியம், உள்ளே மேலதிகாரிகள், அவர்களின் மனைவிமார், மைத்துனர்கள், பத்திரிகைக்காரர்கள். வரலாற்றாசிரியன் என்பதால் எனக்கு ஜன்னலோர இருக்கை. மூன்றாம் நிலையத்தில் அந்த நாற்பது பேரும் தூக்குவாளியோடு நின்றார்கள். சிறப்பு வண்டி என்று சொல்லி, கயிறு கட்டி நிறுத்தியிருந்தார்கள்.

மேஸ்திரியக்கா கயிற்றின் மேல் எட்டி என்னைக் கூப்பிட்டாள். “சார், உங்க டிக்கெட்டக் கொஞ்சம் காட்டுங்களேன். எப்படியிருக்கும்னு பாத்து ரொம்ப நாளாச்சு.”

நான் சட்டைப்பையைத் தடவினேன். பக்கத்திலிருந்த துணை மேலாளர் பேண்டுக்காரர்களைப் பார்த்துக் கைகாட்டினார். வாத்தியம் முழங்க, வண்டி நகர்ந்தது. பெண்கள் கயிற்றைத் தாண்டி, எங்கள் பின்னாலேயே குவாரியை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். முதல் வளைவு வரை தெரிந்தார்கள்.

நூலின் கடைசிப் பக்கத்தில், ‘அன்றைய பயணிகள்: நூற்றுப் பன்னிரண்டு’ என்று பதிவு செய்திருக்கிறேன். இந்தப் பாதையில் ஒரே நாளில் அத்தனை பேர் சீட்டில்லாமல் போனது அதற்கு முன் நடந்ததே இல்லை. அந்த நாற்பது பெண்களையும் நான் விட்டுவிடவில்லை. பின்னிணைப்பில், ‘குற்றங்கள்’ என்ற தலைப்பின் கீழ் சேர்த்திருக்கிறேன்.