மழை நிகழ்ச்சிக்குப் போன் போட்ட முயல்

ஒரு காட்டில் சிங்கம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. பொந்துக்குப் பொந்து டிவி இருந்தது. சாயங்காலம் ஆனால் அதில் ‘வாங்க, அறிவியல் பேசலாம்’ என்று ஒரு நிகழ்ச்சி. நடத்துவது மயில். விளக்கம் சொல்ல டாக்டர் தவளை. கோட்டெல்லாம் போட்டிருக்கும்.

அன்றைக்குத் தலைப்பு, மழை ஏன் பெய்கிறது. வெளியே மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஆற்றங்கரை வளையில் குட்டிகளோடு இருந்த பவளம் என்ற முயல் எட்டிப் பார்த்தது. வாசல்வரை ஈரம் ஏறிவிட்டது. பக்கத்து வளைப் பெருச்சாளியிடம் ஓடியது.

“அண்ணே, மேட்டுக்குப் போயிடலாமா?”

“சும்மா இரும்மா. டாக்டரே வந்திருக்காரு, ஆபத்துன்னா சொல்லமாட்டாரா?” பெருச்சாளி டிவி சத்தத்தை இன்னும் கூட்டி வைத்துக்கொண்டது.

படித்தவரிடமே கேட்டுவிடலாம் என்று முயல் வளைக்குத் திரும்பிப் போன் போட்டது. கடவுள் புண்ணியத்தில் லைன் கிடைத்தது.

“வணக்கம், யாரு பேசுறீங்க?” என்றது மயில்.

“ஆத்தங்கரையிலேருந்து பவளம் பேசுறேங்க. தண்ணி வாசலுக்கு வந்துடுச்சு...”

“பவளம்! என்ன அழகான பேரு! சாப்பிட்டீங்களா? நிகழ்ச்சி எப்படி இருக்கு?”

“நல்லாருக்குங்க. குட்டிங்களைத் தூக்கிட்டுக் கிளம்பணுமா, இங்கேயே இருக்கலாமான்னு டாக்டர்கிட்ட...”

“அருமையான கேள்வி! டாக்டர் சார்?”

தவளை தொண்டையைச் செருமியது. “முதல்ல கடல்னா என்னன்னு பார்ப்போம். கடல் தண்ணி ஆவியாகி மேலே போகுது...”

“இங்க ஆறு மேலே வருதுங்க சார்!”

“வரட்டுமே. தண்ணியைப் பார்த்து எதுக்கும்மா பயம்?” என்று தவளை சிரித்தது. மழை என்றாலே குஷியாகிவிடும் மயிலும் தோகையை விரித்துக்கொண்டு சிரித்தது. சிரித்து முடித்ததும் அதற்குக் காதில் ஏதோ இரைந்தது.

“பவளம், உங்க டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுட்டுப் பேசுங்க, ப்ளீஸ்.”

முயல் குறைத்தது.

அப்போதுதான் அதற்குக் கேட்டது. டிவிக்குள் இல்லை, வெளியே. மரங்களை முறித்துக்கொண்டு ஆறு வருகிற சத்தம்.

போனை அப்படியே போட்டுவிட்டு, குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடியது. “அண்ணே, வந்துடுங்க!” என்று பெருச்சாளி வாசலில் நின்று கத்திப் பார்த்தது. எங்கே கேட்கும்? உள்ளே மேகம் எப்படிக் கறுக்கிறது என்று தவளை முழுச் சத்தத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.

மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தால், வளைகள் இருந்த இடத்தில் ஆறு.

வெள்ளம் வடிந்ததும் டிவிக்காரர்கள் முயலைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். ‘எங்கள் நிகழ்ச்சி காப்பாற்றிய குடும்பம்’ என்று பின்னால் பெரிய எழுத்து. தவளைக்கு இரண்டு பொன்னாடை.

“எங்க நிகழ்ச்சியில எது உங்க உயிரைக் காப்பாத்துச்சு, பவளம்?” மயில் மைக்கை நீட்டியது.

முயலுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, பாவம். “சத்தத்தைக் குறைக்கச் சொன்னீங்களே, அதுதாங்க.”

எல்லோரும் கைதட்டினார்கள். பெருச்சாளி வீட்டிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை. அவர்கள் நிகழ்ச்சியைக் கடைசிவரை பார்த்தவர்கள்.

நீதி: டிவியில் வரும் அறிவியல் உயிரைக் காக்கும், சத்தத்தை மட்டும் குறைத்து வைக்கவும்.