ஈர நெல்லில் புதைத்த போன்

மேலவாய்க்கரை,
தஞ்சாவூர் வட்டம்.

மதிப்பிற்குரிய சம்பந்தி வீரையன் அவர்களுக்கு, குஞ்சிதபாதம் கைகூப்பி எழுதுவது. இங்கு நானும் என் வீட்டுக்காரி பிரகதீஸ்வரியும் இரண்டு மாடுகளும் நலம். முத்துப்பேட்டையில் தாங்களும் நலமாக இருக்க வேண்டும், முக்கியமாக இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும்.

போன வாரம் நீங்கள் எங்கள் ஊரில் பஸ் ஏறியதும் வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், நீங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் போன் கிடக்கிறது. என் மகள் வானதியும் உங்கள் மகன் தமிழரசனும், இரண்டு அப்பாக்களுக்கும் மனத்தாங்கல் வந்துவிடக் கூடாதென்று சிங்கப்பூரிலிருந்து ஒரே மாதிரி வாங்கி அனுப்பிய போன். ஒரே கறுப்பு உறை, முகப்பில் ஒரே பேத்தி படம். என்னுடையது வழக்கம்போல அலமாரி மேல் சார்ஜில் இருந்தது. ஆகவே இது உங்களுடையது என்பதில் எனக்குச் சந்தேகமே எழவில்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியுமே! முதல் நாள் சாயங்காலம்தான், மறைந்த சம்பந்தியம்மா அமிர்தம் பேசிய பதினோரு விநாடியை எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். "ஏங்க, வரும்போது வெத்தல மறந்துடாதீங்க." தினமும் சாப்பிடும் முன் ஒரு தடவை கேட்பேன், வேறெங்கும் இது இல்லை என்றீர்கள். அப்புறம் எப்படிச் சும்மா இருப்பேன்? பஸ் ஊரைச் சுற்றி வருவதற்குள் குறுக்கே போய் மறித்துவிடலாம் என்று, போனை மடியில் கட்டிக்கொண்டு வரப்பில் ஓடினேன். அறுபத்தாறு வயதில் வாய்க்காலைத் தாண்டினேன். நான் அக்கரை சேர்ந்தேன், போன் சேரவில்லை.

முங்கித் தடவி எடுத்தேன். டீக்கடையில் யாருக்கோ நேர்ந்ததுபோலக் கேட்டதற்கு, "அரிசிக்குள்ள பொதச்சு வைங்க, ஈரத்த இழுத்துரும்" என்றார்கள். அரிசி டிரம் பிரகதீஸ்வரியின் ஆட்சிக்கு உட்பட்டது, கை வைத்தால் காரணம் சொல்ல வேண்டும். அரிசிக்கே அப்பன் நெல் அல்லவா, களத்தில்தான் மலைபோல் கிடக்கிறதே என்று, மழைக்குப் படுதா போட்டு மூடியிருந்த குறுவை நெல்லில் முழங்கை ஆழத்துக்குப் புதைத்தேன். அது வெயிலுக்காகக் காத்துக் கிடக்கும் ஈர நெல் என்பது, நாற்பது வருடம் விவசாயம் பார்த்த எனக்கு அப்போது தோன்றவே இல்லை. மூன்று நாள் வைத்தேன். மூன்று நாளும் அலமாரி மேல் என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நீங்கள்தான் யாரிடமோ போன் வாங்கிக் கூப்பிடுகிறீர்கள் என்று பயந்து நான் கிட்டேயே போகவில்லை. "காது கேக்கலையா உங்களுக்கு?" என்றாள் பிரகதீஸ்வரி. "நீயும் எடுக்காத, எல்லாம் ஏமாத்துற கும்பல்" என்று சொல்லிவிட்டேன். மன்னியுங்கள்.

நாலாம் நாள் தோண்டி எடுத்து, தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் பழுது பார்க்கும் ஷமீரா என்ற பெண்ணிடம் கொண்டுபோனேன். அவள் உறையைக் கழற்றினாள். உறைக்கும் போனுக்கும் நடுவில் ஒரு நெல் முளைத்திருந்தது! சம்பந்தி, நான் எத்தனையோ மூட்டை விதை முளைகட்டியவன், ஆனால் அந்த ஒற்றை வெள்ளை முளையை எறிய மனம் வராமல் துண்டு நுனியில் முடிந்துகொண்டேன். "அரிசியே உதவாதுங்க ஐயா, நீங்க ஈர நெல்லுல வச்சிருக்கீங்க. நனைஞ்சதும் அணைச்சுட்டு நேரா இங்க வந்திருக்கணும்" என்றாள்.

பிறகு அதைப் பிரித்து, உள்ளே இருந்த தகட்டைப் பூதக்கண்ணாடிக் கருவிக்குக் கீழே வைத்து, "நீங்களும் பாருங்க" என்றாள். பார்த்தேன். தலைமதகு, கிளை வாய்க்கால், கடைமடை வரைக்கும் அத்தனையும் என் கட்டைவிரல் நகத்துக்குள் அடக்கம்! ஓரிடத்திலும் வரப்புத் தகராறு இல்லை. மனிதன்தானே இதை வெட்டினான்? ஒரு மூலையில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. "இங்கதாம்மா தண்ணி நின்னுருக்கு" என்றேன். "கரெக்டுங்கய்யா" என்றாள். அவள் ஏதோ மருந்து விட்டு, சின்ன பிரஷால் தேய்த்து, காயவைத்து, வேறு பேட்டரி போட்டு, பொத்தானை அழுத்தினாள். பேத்தி சிரித்தாள். நான் கடையிலேயே அழுதுவிட்டேன். லாக் நம்பர் கேட்டாள், அது உங்கள் அந்தரங்கம், திறக்க வேண்டாம் என்று வாங்கி வந்துவிட்டேன்.

போனைத் துணியில் சுற்றி இத்துடன் அனுப்புகிறேன். முளைத்த நெல்லை ஒரு டம்ளரில் மண் போட்டு நட்டிருக்கிறேன். சம்பந்தியம்மா ஆசியில் நம் பேத்தியும் அந்தப் பயிரும் நன்றாக வளரட்டும்.

தங்கள் பணிவுள்ள,
குஞ்சிதபாதம்

பின்குறிப்பு: போனைச் சுற்றப் பழந்துணி கேட்டேன். பிரகதீஸ்வரி விஷயத்தைக் கேட்டுவிட்டு, போனை வாங்கி எங்கள் கல்யாண வருடத்தைத் தட்டினாள். திறந்துகொண்டது. அந்த எண்ணுக்குத் திறக்கிற போன் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அது என்னுடையது. என்னுடையதைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு நீங்கள் சார்ஜ் போட்டு மறந்துபோனதுதான் அலமாரி மேல் இருந்தது. அதில் அறுபத்திரண்டு முறை அழைப்பு வந்திருக்கிறது, பாவம், எல்லாம் நீங்கள்தான். சம்பந்தியம்மா குரல் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. நான் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியது நாற்பது மாட்டுப் படங்களையும் காலை வணக்கப் பூக்களையும்தான். உங்கள் போனைத்தான் அனுப்புகிறேன். இவள் அரைமணி நேரமாக என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். நான் குறுக்கே பேசவில்லை. பதிவுப் பொத்தானை அழுத்தி என் போனை அவள் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.