கருப்பு மட்டும் வேண்டாம்

“அடியே தீபிகா, கல்யாணப் பொண்ணுக்குப் போயி கருப்புப் புடவையா அனுப்புவாங்க?”

கடை முதலாளி ஜெயம்மாள் போட்ட சத்தத்தில் பிள்ளையார்பாளையத்துப் பட்டுக்கடை மின்விசிறியே ஒரு சுற்று தயங்கியது.

கடையில் வேலை பார்க்கும் தீபிகா பாவம், நல்லதைத்தான் நினைத்தாள். கடைக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளுக்குப் பதில் சொல்லப் பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். செய்திக்குள் எந்த நிறத்தின் பெயர் இருக்கிறதென்று அது தேடும். கிடைத்தால் அந்த நிறப் புடவைப் படங்களை அனுப்பும். செவிலிமேட்டுப் பாண்டியன், மகள் முகூர்த்தத்துக்காக, “கருப்பு மட்டும் வேண்டாம்” என்று எழுதினார். புரோகிராம் ‘கருப்பு’ என்பதைக் கண்டது. அவ்வளவுதான், கடையிலிருந்த அத்தனை கருப்பும் போய்விட்டது.

“இந்த ஆர்டர் கைவிட்டுப் போச்சுன்னா உன் கம்ப்யூட்டரைத் தூக்கிப் பரண்ல போட்டுருவேன், ஆமா!”

“இதோ சரி பண்றேன்கா.”

‘வேண்டாம்’ என்ற சொல்லும் இருந்தால், அந்த நிறத்தை விட்டு மற்றதை அனுப்பும்படி மாற்றினாள். பாண்டியனிடமிருந்து அடுத்த செய்தி வந்தது: “விலையப் பத்திக் கவலை வேண்டாம். சிவப்பு காட்டுங்க.”

சமர்த்துப் புரோகிராம் சிவப்பை ஒதுக்கிவிட்டு மீதியை அனுப்பியது. கருப்புதான் முதலில்.

“என்னாடி பண்ணிக்கினு இருக்குற?”

“வேண்டாமுக்கு முன்னாடி நிக்குற வார்த்தைய மட்டும் பாக்கச் சொல்லிட்டேன்கா. இனிமே தப்பாது.”

பாண்டியன் எழுதினார்: “இனிமே எதுவும் அனுப்ப வேண்டாம்.”

‘அனுப்ப’ என்றொரு நிறம் எந்தத் தறியிலும் கிடையாதே! ஒதுக்க ஒன்றும் அகப்படாமல் புரோகிராம் கடையையே அனுப்பி வைத்தது. மறுபடியும் கருப்பு முதலில்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஆட்டோ நின்றது. பாண்டியன், மனைவியோடும் மகளோடும் இறங்கினார்.

“போனே நின்னுபோச்சும்மா! எத்தினி வாட்டி வேண்டாம்னு எழுதறது?”

“உக்காருங்கண்ணா. போன்ல பாக்கறதெல்லாம் ஒரு பார்வையா?” என்று ஜெயம்மாள் அரக்குச் சிவப்பை விரித்தாள். மகள் அதை எடுத்துத் தோளில் போட்டவள், பிறகு இறக்கவேயில்லை. பாண்டியனின் கோபமும் ஜரிகையில் வழுக்கிப் போனது.

அப்பாவும் மகளும் பையோடு ஆட்டோவுக்கு நடந்தார்கள். அதுவரை வாயே திறக்காத அவர் மனைவி மஹாலட்சுமி மட்டும் பின்தங்கி, தீபிகாவின் காதருகே குனிந்தாள்.

“கல்யாணம் ஆனதிலேர்ந்து அவரு ‘வேண்டாம்’னு சொன்னதைக் காதுலயே வாங்காத ஒரே ஆளு உன் கம்ப்யூட்டர்தாம்மா, அந்தக் கருப்புல ஒண்ணு எனக்குக் குடு.”